நீலக் குதிரைக்கு ஆறு கால்

இந்த இலையுதிர் காலத்தில் ஒரு உருளைக்கிழங்கைக்கூடத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். தின்பதைச் சொல்லவில்லை. தோண்டுவதைச் சொல்கிறேன்.

எங்கள் காராகோல் பக்கத்தில் பெண்ணைக் கட்டினால் கூடவே ஒரு கிழங்குத் தோட்டத்தையும் கட்டிக்கொண்டதாக அர்த்தம். கல்யாணப் பேச்சில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். குதிரையைப் பற்றிப் பேசுவார்கள், ஆட்டைப் பற்றிப் பேசுவார்கள், கிழங்கைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டார்கள். முதல் இலை உதிர்ந்ததும் மாமனார் போன் பண்ணுவார். "மாப்பிள்ளை, உடம்பு எப்படி இருக்கு?" என்பார். அது நலம் விசாரிப்பு அல்ல. சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது.

மாமனார் ஷார்ஷென் மலையடிவாரத்தில் தாஷ்-புலாக் கிராமத்தில் இருக்கிறார். அவர் தோட்டம் எவ்வளவு பெரியது என்றால், இந்த முனையில் வெயில் அடிக்கும்போது அந்த முனையில் மழை பெய்யும். போன வருஷம் தோண்டி முடித்துவிட்டு நிமிர்ந்தேன். முதுகு நிமிரவில்லை. ஒரு வாரம் ஊர்க்காரர்களை அவரவர் முழங்காலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டேன்.

இந்த வருஷம் கிழங்கு ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிற்றுக்கிழமை கோக்-போரு இறுதி ஆட்டம்! குதிரைமேல் இருந்தபடியே தலையில்லாத ஆட்டை ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் பிடுங்கிக்கொண்டு ஓடி, எதிரணியின் தொட்டியில் போடுகிற ஆட்டம். எனக்கு மீசை முளைத்த பிறகு எங்கள் ஊர் இறுதிக்கு வருவது இதுதான் முதல் தடவை. அதைப் பார்க்காமல் செத்தால் என் கட்டையே வேகாது.

வீட்டில் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் மெதுவாகப் பேசுகிறவன். என் மனைவி புருல் அதை எப்போதும் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வாள்.

அந்த நேரத்தில்தான், சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோது, இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் மேரிம் எனக்கு வழி காட்டினாள்.

"அப்பா, பள்ளிக்கூடத்துல இலையுதிர் கண்காட்சி. எல்லாரும் ஏதாவது கைவேலை செஞ்சு கொண்டுவரணுமாம். எங்க கையாலேயே செய்யணும்னு டீச்சர் சொன்னாங்க."

எங்கள் பள்ளிக்கூடத்தில் 'குழந்தை தன் கையால் செய்தது' என்றால் அப்பா செய்தது என்று பொருள். போன வருஷம் பக்கத்து வீட்டு ஜேங்கிஷின் பையன் ஒரு மர ஆலை கொண்டுவந்தான். தண்ணீர் ஊற்றினால் சுழன்றது. கோதுமை போட்டால் அரைத்தது. பையனுக்குச் சொந்தச் சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியாது. "நீயே செஞ்சதா கண்ணு?" என்று டீச்சர் கேட்டார். "ஆமா டீச்சர், எங்கப்பாவுக்கு விரல்கூட நசுங்கிடுச்சு" என்றான். முதல் பரிசு கொடுத்தார்கள்.

"நீ என்ன செய்யப் போற?" என்று மேரிமைக் கேட்டேன்.

"கம்பளி விரிப்பு. நடுவுல நீலக் குதிரை. அதுக்கு ஆறு கால்."

"குதிரைக்கு நாலு கால்தாம்மா."

"நாலு கால்லேயே அவ்ளோ வேகமா ஓடுதுன்னா, ஆறு கால் இருந்தா யோசிச்சுப் பாருங்கப்பா!"

யோசித்தேன். குதிரையைப் பற்றி அல்ல. கம்பளி விரிப்பைப் பற்றி. சாயம் போட்ட கம்பளியை நாணல் பாயில் பரப்பி, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, பாயோடு சுருட்டிக் கட்டி, குதிரைக்குப் பின்னால் கட்டி இழுப்பார்கள். இழுக்க இழுக்கத்தான் கம்பளி இறுகும். என்னிடம் குதிரை இல்லை. கார் இருக்கிறது. கார் எங்கே போகிறது என்று பாய் வந்து சொல்லப் போகிறதா?

"புருல்," என்றேன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த வருஷம் பிள்ளைக்கு நான் உதவறேன்."

"நீங்களா? போன மாசம் சட்டைக் கையைத் தைக்கச் சொன்னேன். ரெண்டு கையையும் ஒண்ணாச் சேர்த்துத் தைச்சு வெச்சீங்க. அந்தச் சட்டையை இன்னிக்கும் கைதிக்குத்தான் போட முடியும்."

"இது வேற. சின்னக் குதிரையெல்லாம் வேண்டாம். பனிச்சிறுத்தை! கதவளவு பெரிசா! ஜேங்கிஷ் வயிறு எரியணும். ஆனா ஒண்ணு. அவ்ளோ பெரிய விரிப்பு இறுகணும்னா நாள் முழுக்க இழுக்கணும். ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பினா சாயங்காலம்தான் திரும்ப முடியும்."

"ஞாயித்துக்கிழமையா?"

"அடடா! கிழங்கு வேற இருக்குல்ல? மாமா மனசு கஷ்டப்படுமே. என்ன பண்றது, பிள்ளை படிப்பாச்சே."

புருல் என்னையே பார்த்தாள். பிறகு தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

"சரிங்க" என்றாள்.

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். புருல் ஒரே வார்த்தையில் ஒத்துக்கொள்வது, வேட்டைநாய் குரைக்காமல் உட்கார்ந்திருப்பது மாதிரி.

சனிக்கிழமை முற்றத்தில் பாயை விரித்தேன். வெள்ளைக் கம்பளி, கறுப்புக் கம்பளி, பழுப்புக் கம்பளி. முட்டி போட்டுக்கொண்டு நாளெல்லாம் வேலை பார்த்தேன். தலை ஒரு பக்கம் வந்தது. வால் இன்னொரு பக்கம் வந்தது. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மனஸ்தாபம்.

மேரிம் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இது உருளைக்கிழங்கா?"

"பனிச்சிறுத்தை!"

"அப்போ இந்தப் புள்ளியெல்லாம்?"

"சிறுத்தைக்குப் புள்ளி இருக்காதா?"

"கிழங்குக்கும் இருக்குமே" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அவளும் அம்மாவும் அடுக்களையில் என்னவோ குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். பெண்கள் சிரிக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

வெந்நீர்க் கெட்டிலோடு புருல் வெளியே வந்தாள். "நீங்க உள்ள போய் டீ குடிங்க. ஊத்திச் சுருட்டிக் கட்டறது பொம்பளைங்க வேலை. நீங்க கட்டினா வழியிலேயே அவுந்துடும்."

நியாயம்தான். உள்ளே போனேன். பூர்சோக் மாவுருண்டைகள் பொரித்து வைத்திருந்தாள், சுடச்சுட, ஜாமோடு. தட்டு காலியாவதற்குள் வெளியே மூட்டை தயாராக இருந்தது. பாய்க்குமேல் தார்ப்பாய், தார்ப்பாய்க்குமேல் கயிறு. கல்யாணச் சீர் மாதிரி இறுக்கமாகக் கட்டியிருந்தாள்.

"தண்ணியே சொட்டலையே?"

"நல்லா வடிய விட்டேன்."

"லேசா இருக்கிற மாதிரி இருக்கே?"

"சிறுத்தைதானே போட்டீங்க? யானையா போட்டீங்க?"

சிறுத்தை லேசாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புருலும் மேரிமும் பஸ் பிடித்து தாஷ்-புலாக் கிளம்பினார்கள். போகும்போது புருல் திரும்பிச் சொன்னாள். "தார் ரோட்டுல இழுக்காதீங்க, பாய் கிழிஞ்சிடும். மண் ரோடாப் பாத்துப் போங்க."

எவ்வளவு நல்லவள் என்று கண் கலங்கியது.

காரில் கயிற்றைக் கட்டிக் கிளப்பினேன். மூட்டை பின்னால் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. ஜேங்கிஷ் வாசலுக்கு ஓடி வந்தான்.

"காதிர்குல்! யாரைய்யா கட்டி இழுத்துட்டுப் போற?"

"மேரிமோட கைவேலை!"

"காரு வெச்சு இழுக்கிற கைவேலையா?" ஜேங்கிஷின் முகம் வெளுத்தது. "அடியே, பையனோட கண்காட்சிக் கோட்டைக்கு இன்னொரு மாடி கட்டணும்டி!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினான்.

நான் நேராக மைதானத்துக்குப் போனேன். மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. நடுவில் வாத்து நீந்திக்கொண்டிருந்தது.

காவல்காரக் கிழவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மழையில மைதானம் குளமாப் போச்சே தம்பி. ஆட்டத்தை தாஷ்-புலாக் புல்வெளிக்கு மாத்தி ஒரு வாரமாச்சு. ஊருக்கே தெரியுமே?"

ஊருக்குத் தெரியும். நான்தான் ஆட்டத்தைப் பற்றி யாரிடமும் வாயே திறக்கவில்லையே! ரகசியம் காத்ததில் வந்த வினை.

தாஷ்-புலாக்! அங்கேதானே மாமனார்! ஒரு நிமிஷம் தயங்கினேன். ஆனால் புல்வெளி பெரியது. கூட்டமும் பெரிதாக இருக்கும். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தால் எந்த மாமனாருக்குத் தெரியும்? போதாக்குறைக்கு அந்த ஊருக்குப் போவது மண் ரோடு. புருல் சொன்னபடியே ஆச்சு.

பாதி வழியில்தான் விபரீதம். ஆட்டக்காரர்கள் குதிரைகளில் சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் மரியாதையாக ஒதுங்கி முந்தினேன். எங்கள் ஊர்ப் பையன்கள் பசியில் பெற்ற தாயை மறந்தாலும் மறப்பார்கள். ஆனால் தரையில் ஒரு மூட்டை இழுபடுவதைக் கண்டால் கை சும்மா இருக்காது.

"ஏய்ய்! புடிடா!" என்று எவனோ கத்தினான்.

கண்ணாடியில் பார்த்தேன். ஒருத்தன் குதிரையிலிருந்து சரிந்து என் சிறுத்தையின் வாலைப் பிடித்துவிட்டான். இன்னொருத்தன் அவனை இடித்தான். மூன்றாமவன் இருவருக்கும் நடுவில் புகுந்தான்.

"விடுங்கடா! அது பள்ளிக்கூடத்துக் கைவேலைடா!" என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். மெதுவாகப் பேசுகிறவன் கத்தினால் யாருக்குக் கேட்கும்?

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். குதிரைகளும் அழுத்தின. எதிரணிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். நியாயமாகப் பார்த்தால் இறுதி ஆட்டம் என் காருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது. என்னால் மட்டும்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

தாஷ்-புலாக்கில் கூடியிருந்த கூட்டம் எங்களைக் கண்டதும் விசிலடித்தது. வலப்பக்கம் ஜனக்கடல். பின்பக்கம் குதிரைக்கடல். இடப்பக்கம் வேலியில் ஒரு இடைவெளி. திருப்பினேன். கார் குலுங்கிக் குலுங்கிப் போய், ஒரு ஜோடி பழைய பூட்ஸுக்கு எதிரே நின்றது.

"மாப்பிள்ளை!" என்றார் பூட்ஸுக்குமேல் நின்ற மாமனார். "உடம்பு எப்படி இருக்கு?"

அதற்குள் ஒரு பையன் குதித்து இறங்கிக் கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை உருவி, பாயை உருட்டிவிட்டான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே சிறுத்தை இல்லை. சாக்குகள். காலிக் கிழங்குச் சாக்குகள். சலவைக்குப் போய் வந்த மாதிரி மடித்து அடுக்கியவை.

"சே! ஆடு இல்லையா?" என்று சலித்துக்கொண்டு ஆட்டக்காரர்கள் புல்வெளிப் பக்கம் குதிரையைத் திருப்பினார்கள்.

மாமியார் ஓடி வந்தார். "சாக்கை மறந்துட்டு வந்துட்டியோன்னு பயந்தேனே புருல்!"

"உங்க மாப்பிள்ளை மறப்பாராம்மா?" என்றாள் புருல், மண்வெட்டியும் கையுமாக. "பாவம், ஊரெல்லாம் இழுத்துட்டு வந்திருக்கார்."

"என் சிறுத்தை எங்கே?" என்றேன்.

"அந்தக் கம்பளியா? மெத்தைக்குக் கம்பளி பத்தலைன்னு அம்மா சொன்னாங்க. மூட்டை கட்டி பஸ்ஸுல எடுத்தாந்துட்டேன்."

"கண்காட்சி?"

மேரிம் முந்திக்கொண்டாள். "நான் வெள்ளிக்கிழமையே குடுத்துட்டேன்பா! நீலக் குதிரை! அம்மா தண்ணி ஊத்தினாங்க, நானே ஏறி மிதிமிதின்னு மிதிச்சேன். சின்ன விரிப்புதானே, மிதிச்சாலே இறுகிடுது. நீயே செஞ்சதான்னு டீச்சர் என்னைக் கேக்கவே இல்ல. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சாம். நடுச்சுவத்துல மாட்டிட்டாங்க!"

நான் புருலைப் பார்த்தேன். "ஆட்டம் இங்கேன்னு உனக்குத் தெரியுமா?"

"அப்பா போன வாரமே போன்ல சொன்னாரே. வேலியோரமா உங்களுக்கு ஒரு வரிசை ஒதுக்கச் சொல்லியிருந்தேன், தோண்டிக்கிட்டே ஆட்டம் பாக்கட்டும்னு. நீங்கதான் பிள்ளை படிப்புன்னு உருகிப்போய் நின்னீங்க. எதுக்குக் கலைக்கணும்னு விட்டுட்டேன்."

"நான் ஆட்டத்துக்குத்தான் போவேன்னு உனக்கு எப்படி..."

"ரெண்டு வாரமா தூக்கத்துல 'போடு! போடு!'ன்னு கத்திக்கிட்டு என் தலையணையைப் பிடுங்கறது யாரு? ஜேங்கிஷா?"

வேலியோர வரிசையில் மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு மலையைப் பார்த்த வரிசை கிடைத்தது. புல்வெளி என் முதுகுக்குப் பின்னால். குளம்புச் சத்தம் கேட்டது. கூட்டம் 'ஓ'வென்று அலறியது. யார் போட்டது, எங்கள் ஊரா, அவர்களா? மெல்லத் தலையைத் திருப்பினேன்.

"கிழங்கு முன்னாடி இருக்குங்க" என்றாள் புருல்.

வரப்பில் உட்கார்ந்து மேரிம் அடுத்த கைவேலைக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தாள். குனிந்தபடியே எட்டிப் பார்த்தேன். கையில் மண்வெட்டியோடு ஒரு மனிதன். அவனுக்கு ஆறு கை.

"இது யாரும்மா?"

"நீங்கதாம்பா."

"எனக்கு எதுக்கும்மா ஆறு கை?"

மேரிம் வாயைத் திறப்பதற்குள் புருல் சொன்னாள்: "அடுத்த வருஷத்துக்கு."