சம்பந்தி அவர்களே, அந்த இடம் உங்களுக்குத்தான்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

மூன்றாம் மாடியிலிருந்து வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். முதல் மாடியில் நீங்களும் சம்பந்தியம்மாவும் மகளும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது என் கடமை. பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். இரண்டு மாடி இறங்கி வந்து நேரில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நேரில் பேசினால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். காகிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். என் மகள் வேலை பார்க்கும் கம்பெனியில், ஊழியர்களின் பெற்றோரையும் மருத்துவ இன்சூரன்ஸில் சேர்க்கிறார்கள். சொந்த அப்பா அம்மா, இல்லாவிட்டால் மாமனார் மாமியார், ஏதாவது ஒரு ஜோடி. நாளை வெள்ளிக்கிழமை மாலையோடு கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் பெயர் கொடுக்காவிட்டால் யாருக்கும் இல்லை. மாப்பிள்ளை சொந்தமாக ஸ்டூடியோ நடத்துகிறவர். முதலாளியும் அவரே, ஊழியரும் அவரே, இன்சூரன்ஸ் என்ற பேச்சே அங்கே கிடையாது. என் மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, இந்த வருஷத்துக்குள் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியாயிற்று. உங்கள் மனைவிக்கு முழங்கால் இரண்டும் மாற்ற வேண்டும். ஆட்கள் நாலு பேர், இடம் இரண்டு பேருக்கு.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு ஹாலில் மகள் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டபோது, நான்தான் முதலில் சொன்னேன், "சம்பந்தி பேரைப் போடும்மா" என்று. அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். நீங்கள் என்ன செய்தீர்கள்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வேணாம்மா, உங்கப்பா பாவம். பென்ஷனும் இல்ல ஒண்ணும் இல்ல. அவங்களே எடுத்துக்கட்டும்" என்றீர்கள். பாவம். அந்த வார்த்தை தொண்டையில் சிக்கினது சிக்கினதுதான், இன்றுவரை கீழே இறங்கவில்லை. யாரிடமும் வேலை கற்றுக்கொள்ளாமல், எரிந்துபோன மோட்டாரை நானே பிரித்துப் பிரித்துக் கட்டிப் பழகி, இந்தத் தெருவில் ஓடுகிற பம்பில் பாதியை ஓடவைத்தவன் நான். அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர் நீங்கள். இதில் பாவம் யார் என்பதை அந்த நாற்காலியைக் கேட்டால் சொல்லும்.

அன்றைக்கே மகளிடம் இன்சூரன்ஸ் புத்தகத்தை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுசாகப் படித்தேன். "ஊழியரைச் சார்ந்து வாழும் பெற்றோர்" என்று போட்டிருக்கிறது. நான் யாரைச் சார்ந்து வாழ்கிறேன்? கம்பெனிக்குப் போன் போட்டு அதைக் கேட்டேன். அங்கிருந்த பெண், "சார், அது சும்மா ஒரு வார்த்தை சார்" என்றாள். சும்மா என்றால் எடுத்துவிடுங்கள் என்றேன். எடுக்க முடியாதாம். அப்படியானால் அது சும்மா இல்லை என்றேன். அதற்குள் அவளுக்கு வேறு போன் வந்துவிட்டது.

பிறகு செவ்வாய்க்கிழமை நடந்தது. அதற்கு லிஃப்ட்தான் பொறுப்பு, நான் இல்லை. லிஃப்ட் ஓடாததால் கேஸ்காரர் சிலிண்டரைக் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினேன். எனக்கு இன்சூரன்ஸ் தேவையில்லை என்று உங்களுக்குக் காட்டத்தான் உங்கள் கதவுக்கு முன்னால் கொஞ்சம் மெதுவாகப் போனேன் என்று உங்கள் மனைவி என் மனைவியிடம் சொன்னாராம். மெதுவாகப் போனது உண்மை. காரணம் சிலிண்டரின் எடை. நீங்கள் கதவைத் திறந்து, "சம்பந்தி, குடுங்க இப்படி, எனக்கு இதெல்லாம் சர்வ சாதாரணம்" என்று பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால் நான் வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். நீங்கள் இழுக்க, நான் விடாமல் பிடிக்க, உங்கள் இடுப்பு பிடித்துக்கொண்டது, என் கால் கட்டைவிரல் மேல் சிலிண்டர் இறங்கியது. வாட்ச்மேன் ஓடிவந்து நம் இருவரையும் ஒரே வாடகைக் காரில் ஏற்றி, "ரெண்டு பேரும் பேசிக்காம போங்கய்யா" என்று அனுப்பிவைத்தார். அந்த மனிதருக்கு இருக்கிற தெளிவு வேறு யாருக்கும் இல்லை.

கிளினிக்கில் கவுன்டர் பெண், "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டாள். நான் உங்களைக் காட்டி, "அவருக்கு இருக்கு" என்றேன். அதே நேரத்தில் நீங்கள் என்னைக் காட்டி, "அவருக்கு இருக்கு" என்றீர்கள். அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே குடும்பமா?" என்றாள். இல்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். இந்த வாரம் முழுக்க நாம் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

புதன்கிழமை பெண்கள் ஒரு யோசனை சொன்னார்கள். "உடம்பு கெட்டியா இருக்கிற ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஒதுங்கிக்குங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரு ஜோடியாப் போயிடறோம்" என்றார் சம்பந்தியம்மா. மகள் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டாள். ஜோடி என்றால் புருஷன் பெண்டாட்டியாக இருக்க வேண்டுமாம். "இத்தனை வருஷத்துல எங்களுக்குள்ள ஒரு சண்டை வந்ததில்ல. இது ஜோடி இல்லாம எது ஜோடியாம்?" என்று உங்கள் மனைவி போனைப் பிடுங்கிக் கேட்டார். என் மனைவி சிரித்தாள். சிரித்துவிட்டு மூச்சு வாங்க அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீங்கள் அதைப் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். பார்த்ததும் மறுபடியும், "எடுத்துக்குங்க சம்பந்தி" என்று ஆரம்பித்தீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கேட்டுக்கொள்ளுங்கள். என் பெண் உங்கள் வீட்டில் இருக்கிறாள். நாளைக்கு உங்கள் மனைவி படியேற முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம், இவளுடைய அப்பனும் அம்மாவும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று ஒரு நினைப்பு வரும். வாய்விட்டுச் சொல்ல மாட்டீர்கள், நல்லவர்கள். ஆனால் வரும். அது என் பெண்ணின் தலையில் விடியக்கூடாது. என் மனைவியின் வால்வுக்கு, விற்க என் மோட்டார் ரிப்பேர் கடை இருக்கிறது. வாங்குகிறவர் சனிக்கிழமை பார்க்க வருகிறார். ஆயிரம் பம்புக்கு வால்வு மாற்றியவனுக்கு, பெண்டாட்டிக்கு ஒன்று மாற்றத் தெரியாதா? உங்கள் பெயரைப் போடச் சொல்லி மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இதற்கு மேல் நீங்கள் மறுத்தால், மாடிப்படியில் எதிரே வந்தாலும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் போவேன். இது முடிந்த முடிவு.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி, இருவரும் குறையில்லாமல் இருக்கட்டும். உங்கள் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது.

இப்படிக்கு,
யாரையும் சார்ந்திராத,
உங்கள் சம்பந்தி

பி.கு.: அண்ணா, இது நான் எழுதறேன், அவர் இல்லை. கவரை ஒட்டிக் கீழே குடுத்துட்டு வான்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிருக்கார். மேலே எழுதினதை மனசுல வெச்சுக்காதீங்க. அண்ணியும் நானும் நேத்தே பேசி முடிச்சாச்சு. இந்த வருஷம் என் வால்வு, அடுத்த வருஷம் அண்ணியோட முழங்கால். வருஷா வருஷம் ஜோடியை மாத்திக்கலாமாம். அந்தக் கம்பெனிப் பொண்ணைக் கேட்டதும் சொல்லிட்டா. நீங்க ரெண்டு பேரும் அதை மட்டும் கேக்கவே இல்லை. காலையிலேயே மகள் எங்க பேரைப் போட்டுட்டா. சம்மதம் கேட்டு அவர் போனுக்கு ஒரு நம்பர் வந்தது, அவர் தூங்கிட்டிருந்தார், நான் படிச்சுச் சொல்லிட்டேன். கடை பாக்க வர்றவர்கிட்டயும் வர வேண்டாம்னு சொல்லியாச்சு. சனிக்கிழமை வரைக்கும் அவர்கிட்ட மூச்சு விடாதீங்க.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கவலை அண்ணா. ஆபரேஷன் அன்னைக்கு வெளியே அவர் தனியா உக்காந்திருப்பார், கண்டதையும் நினைப்பார். நீங்க பக்கத்துல உக்காந்துக்குங்க. நான் வெளிய வர்ற வரைக்கும் ஏதாவது சொல்லி அவரோட சண்டை போட்டுக்கிட்டே இருங்க.