டைட்டானிக் மூழ்கிய முகூர்த்தம்

பினாங்கு ஸ்ட்ரீட்டில் சனிக்கிழமை காலை கார் நிறுத்த இடம் கிடைக்காதது புதிதல்ல. மோட்டார் சைக்கிள் நிறுத்தவும் இடமில்லாமல் போனதுதான் சரித்திர சாமியின் முதல் அற்புதம்.

பைராம் தோட்டத்திலிருந்து வந்தார்கள். சுங்கை பாக்காப்பிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். சுங்கை பினாங்கிலிருந்து நடந்தே வந்தார்கள். சாமி இருந்தது காசு மாற்றும் கடைக்கு மேல்மாடியில். போன வருடம் வரை சுற்றுலாக்காரர்களுக்குக் கோட்டைப் பீரங்கியைக் காட்டிக்கொண்டிருந்த கோகிலன்தான் அவர். வேடிக்கை பார்க்க வருகிறவன் சில்லறை தருவான், பயந்து வருகிறவன் நோட்டாகத் தருவான் என்ற ஞானம் பிறந்த அன்றே தாடி வளர்க்கத் தொடங்கிவிட்டார்.

சாமியின் சாத்திரத்துக்குக் கிரகமும் வேண்டாம், கைரேகையும் வேண்டாம். தேதியைச் சொன்னால் போதும். அந்தத் தேதியில் உலகத்தில் முன்பு என்ன நடந்ததோ, அதுவே உங்களுக்கும் நடக்கும்.

பெர்லின் சுவர் விழுந்த நவம்பர் ஒன்பதில் பிறந்த ஒருவர், எந்தச் சுவரிலும் சாய்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். பஸ் ஸ்டாப்பில்கூட நட்டநடுவில்தான் நிற்பார். மனிதன் நிலவில் இறங்கிய ஜூலை இருபதில் பிறந்த தோட்டத்து இளைஞர், "நான் மேல போக வேண்டிய ஆளு" என்று எண்ணெய்க்காகச் செம்பனைக் குலை வெட்டும் வேலையை விட்டுவிட்டார். மேலே போகும்வரை அவருடைய அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

சேலைக்கடை நவமணி மாடியேறியது மகள் மோகனாவின் கல்யாணத்துக்காக. ஏப்ரல் பதினைந்து என்று இரு வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று, தங்கநிற வார் வைத்த செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

சாமி கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். "மாப்பிள்ளைக்கு என்னம்மா வேலை?"

"ஃபெரியில எஞ்சின் பாக்குறாரு சாமி."

சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ! ஏப்ரல் பதினஞ்சு டைட்டானிக் முங்குன நாளும்மா!"

வரிசையில் நின்ற நாலு பேர் உடனே ஹேண்ட்போனில் 1912 என்று குறித்துக்கொண்டார்கள். ஆயிரத்து ஐந்நூறு பேர் செத்த கதையில், அவர்கள் கண்ணுக்கு நாலு நம்பர் லாட்டரிதான் தெரிந்தது.

"தேதிய மாத்தியே ஆகணும். மாப்பிள்ளை உயிருக்கு வெள்ளியில கப்பல் செஞ்சு கடல்ல விடணும். ஐயாயிரம் ஆகும்."

நவமணி பேரம் பேசியே வளர்ந்தவர். விதியை மட்டும் விடுவாரா?

"ரெண்டாயிரம் லா சாமி."

"டைட்டானிக்மா! நாலு புகைபோக்கி வைக்கணும்!"

"ரெண்டு புகைபோக்கி போதும். ரெண்டாயிரத்து ஐநூறு."

சாமி பெருமூச்சு விட்டு விலையில் இறங்கிவந்தார். நவமணிக்குப் பக்தி பொங்கியது. விலையைக் குறைக்கிறவர் பொய் சொல்வாரா? தன் கடையில் தானும் முதலில் ஏற்றிச் சொல்லித்தான் பிறகு குறைக்கிறோம் என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோனது.

ஏப்ரல் பதினெட்டு என்று நவமணி புதுத் தேதி கொண்டுபோனார். "பூகம்பத்துல சான் பிரான்சிஸ்கோவே இடிஞ்ச நாளும்மா!" இருபத்தாறு? "செர்னோபில் அணு உலை வெடிச்ச நாள்!" ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பரிகாரம். மாப்பிள்ளையின் அம்மா வள்ளியம்மா போனில் பொரிந்துவிட்டார்: "இன்னொரு தடவ தேதிய மாத்துனீங்கன்னா, நாங்க பொண்ணையே மாத்திருவோம்!"

மோகனா அழுதே விட்டாள். "கப்பல் முங்குதோ இல்லையோ, நான் முங்கிட்டேன்மா."

பக்கத்துக் கடையில் அத்தர் விற்கும் சபூரா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு தேதிக்கு ஒரு சரித்திரம்தானே? அதே ஏப்ரல் பதினஞ்ச நான் போய்க் கேக்குறேன். நீங்க கதவுக்கு வெளிய நின்னு கேளுங்க."

"கேளேன். ஆனா ஏன்டி கடை கழுவுற ஜப்பான் சிலிப்பரப் போட்டுட்டு வர்றே?"

"சும்மா வாங்க லா."

தேய்ந்த ரப்பர் சிலிப்பர் வாசலில் கழன்றது. சாமியின் கண் ஒரு நொடி அங்கே போய்வந்தது.

"மக கல்யாணம் சாமி. ஏப்ரல் பதினஞ்சு. மாப்பிள்ளைக்குக் கடல்லதான் வேலை."

"அடடா! லியோனார்டோ டா வின்சி பொறந்த நாளாச்சே! மோனாலிசாவ வரைஞ்ச மகான். பொண்ணு சிரிச்ச முகமாவே இருப்பா. பத்து வெள்ளி நோட்டு ஒண்ண வச்சுட்டுப் போங்க."

"அஞ்சு வெள்ளி லா."

"சரி, வைங்க."

நவமணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். "சாமி, எனக்கு முங்குன கப்பல் இவளுக்கு ஏன் முங்கல?"

சாமிக்கு வேர்த்தது. "அது வந்து... அவங்க வேற மதம்மா."

"டைட்டானிக்ல மதம் கேட்டா முக்குனாங்க?"

நவமணி வாசலைத் திரும்பிப் பார்த்தார். தன் தங்க வார்ச் செருப்பு. பக்கத்தில் ஜப்பான் சிலிப்பர். சாமியின் இருக்கை சரியாக அந்தப் பக்கம் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அவருக்குள் இருந்த வியாபாரி கடைசியில் கண் விழித்தார்.

"செருப்பப் பாத்து விலை சொல்றீங்களா! இது எங்க தொழில் சாமி! நானாவது சேலைய மடிச்சுக் கையில குடுக்குறேன். நீங்க என்னய்யா குடுத்தீங்க?"

வரிசை சலசலத்தது. சபூரா திரும்பினாள். "எல்லார் கையிலயும் ஹேண்ட்போன் இருக்குல்ல? அவங்கவங்க தேதிய நீங்களே தட்டிப் பாருங்க."

தட்டினார்கள். எல்லாத் தேதியிலும் ஒருவன் பிறந்திருந்தான், ஒருவன் செத்திருந்தான், எங்கேயோ ஒரு ராஜா முடிசூடியிருந்தான், எங்கேயோ ஒரு கப்பல் கவிழ்ந்திருந்தது. நல்லது கெட்டது இல்லாத நாளே இல்லை. நவம்பர் ஒன்பதுக்காரர் மெல்ல, மெல்ல, முதுகைச் சுவரில் சாய்த்தார். சுவர் நின்றது. ஆறு மாத இடுப்பு வலி அவர் முகத்தை விட்டு இறங்கியது.

அதற்குள் சாமி பின் படிக்கட்டு வழியாக இறங்கிக் காரில் ஏறிவிட்டார். கூட்டம் துரத்தியது. கார் நம்பரைப் படம் பிடித்தது. பரவாயில்லை, போலீசுக்குப் போகிறார்கள் என்று சபூரா நிம்மதிப்பட்டாள். போனார்கள், நேராக நாலு நம்பர் லாட்டரிக் கடைக்கு.

அந்த நம்பர் விழவில்லை. "பெரிய மோசடிக்காரன் லா அவன்!" என்று ஊர் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

மோகனாவின் கல்யாணம் ஏப்ரல் பதினைந்திலேயே, கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் நடந்தது. பெண் வீட்டார் ஃபெரியில்தான் போனார்கள். கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த நவமணி, அக்கரை வந்ததும்தான் கையை எடுத்தார்.

சபூரா சிரித்தாள். "அந்தக் கப்பல் பனிப்பாறையில முட்டி முங்குச்சுக்கா. காலண்டர்ல முட்டி இல்ல."

பினாங்குக் கடலில் பனிப்பாறை கிடையாது. இந்த வெயிலிலும் கரையாமல் சில மண்டைகளுக்குள் உறைந்து கிடக்கிறதே, அதுதான் ஆபத்து. கொஞ்சம் யோசித்தால் அதுவும் கரையும்.