கொக்கி மாட்டிய டிரெய்லர்

திருத்தணியில் ஆட்களை எடை பார்த்து சிநேகம் பிடித்த ஒரே மனிதர் கொக்கிதான். தாலுகா ஆபீஸில் அன்று என்னைவிடக் குண்டான குமாஸ்தா கிடையாது. அதனால் நான் அவருடைய உயிர் நண்பன் ஆனேன்.

கொக்கி கல்யாணச் சமையல்காரர். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பழைய வேனை வாங்கினார். அண்டா, கிரைண்டர் எல்லாம் ஏற்றுவதற்கு ரெண்டு சக்கர டிரெய்லர் ஒன்றைச் செய்து, வேனுக்குப் பின்னால் கொக்கி போட்டு மாட்டினார். ஊர் அவருக்குக் கொக்கி என்று பெயர் வைத்தது அதனால்தான். மாட்டியதும் வேனின் பின்பக்கம் உட்கார்ந்தது. மூக்கு மேலே எழும்பியது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி சற்று யோசித்துவிட்டுத்தான் திரும்பும். ஹெட்லைட் ரோட்டை விட்டுவிட்டு மலைக்கோயிலைக் காட்டும். மூக்கை அமுக்கத்தான் முன்சீட்டில் நான்.

கூட வேலை செய்தவர்கள் பயந்து ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நானா, வேனா என்று மனைவி கேட்டாராம். இவர் பதிலுக்கு யோசித்துக்கொண்டிருந்தபோதே அந்த அம்மா பெட்டியோடு பிறந்த வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அப்போதுதான் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு படம் பார்த்தார். வண்டியின் இணைப்புக் கொக்கியிலிருந்து ரெண்டு வில்கம்பிகள் டிரெய்லர் சட்டத்துக்கு நீள்கின்றன. அவற்றைச் சங்கிலியால் இறுக்கிக் கட்டினால், பின்னால் அழுத்தும் பாரம் வேனின் முன்சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் பிரிந்து போய்விடும். மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு அரக்கோணத்தில் ஒரு வெல்டரிடம் போனார்.

"நைனா, லாரின்னா கீழ சேசிஸ்னு இரும்புச் சட்டம் இருக்குது. இந்த வண்டிக்கு உடம்பே தகரந்தான். கம்பி நெம்புற நெம்புல கிழிஞ்சிடும்," என்றார் வெல்டர். அடியில் நீளத்துக்கும் இரும்புப் பட்டை கொடுக்கலாம் என்றார். வண்டி கனத்துவிடும் என்று கொக்கி மறுத்துவிட்டார்.

கனகம்மாசத்திரத்தில் ஒரு கல்யாணம். கொக்கியை நம்பி வந்த கடைசி ஆர்டர். வில்கம்பி மாட்டிய வேன் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. பாதி வழியில் ஒரு பள்ளம். பின்னால் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம்.

"பாத்தீங்களா சார், இழுத்துகினு போற மாதிரியே தெரியல," என்றார் பெருமையாக.

திரும்பிப் பார்த்தேன். டிரெய்லர் இல்லை. வேனின் பின்பக்கத் தகரமும் பாதி இல்லை.

டிரெய்லர் ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது. அண்டாக்கள் ஆளுக்கொரு திசையில். நல்லவேளை, யார்மேலும் படவில்லை. கல்யாண வீட்டார் ரோட்டோர ஓட்டல்களில் கிடைத்த இட்லியைப் போட்டு விருந்தை ஒப்பேற்றினார்கள். பெண்ணின் அப்பா திட்டவே இல்லை. எங்களைப் பார்த்ததும் அழுதுவிட்டார். கொக்கி மனம் உடைந்துபோனது அதில்தான்.

"இனிமே என்னை யாரு சார் கூப்புடுவாங்க?" என்றார்.

யாரும் கூப்பிடவில்லை. வேன் காயலான் கடைக்குப் போனது. அவர் திருப்பதியில் யாரோ ஒரு சமையல்காரரிடம் காய் நறுக்கப் போனார். மனைவி மட்டும் திரும்பி வந்து கூடவே போனார்.

சில வருஷம் கழித்து என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீட்டில் யாரிடமும் கேட்காமல் திருப்பதிக்குப் போய் அவரைக் கையோடு அழைத்து வந்தேன். பாத்திரங்களுக்கு லாரி வைத்தேன்.

அன்றைக்குச் சாம்பாரில் உப்பு தூக்கல். பந்தியில் எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவே இல்லை.