பிள்ளையாரை ஒரு வரி மேலே இருத்திய கதை

நெளுக்குளம்,
வவுனியா.
12.10.2024

நோர்வேக் குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் என் பாசமுள்ள பிரதாபன் மாமாவுக்கு,

மருமகள் யதுர்ஷிகா வணக்கத்துடன் எழுதுவது. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல், உண்மையாகப் பதிவு செய்யப்போகிறேன் என்று முதலிலேயே அறிவித்துக்கொள்கிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒரு சம்பவத்தை மூன்று பேர் சொன்னால் அது மூன்று சம்பவமாகிவிடும். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் வானிலை அறிக்கைக்கு முன்னரே மழையை அறிவிக்கிறது. நீங்களும் மாமியும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மாளாச்சியை வேண்டுகிறேன்.

மாமா, போன மாதம் நீங்களும் அம்மாவும் போனில் கதைத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வழக்கம்போல நெல் விதைப்பு, உங்கள் ஊர் மழை, பிறகு ‘வேறை?’, ‘வேறையென்ன’, ‘வேறை ஒண்டுமில்லை’ என்று மூன்று தரம் சொல்லி முடியும் நேரத்தில் அம்மா திடீரென்று, “அண்ணா, ஜனாவின்ரை படம் ஒண்டும் உங்களிட்டை இல்லையே?” என்று கேட்டா. ஜனார்த்தனன் சின்னமாமா எங்கே என்று 2009க்குப் பிறகு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முல்லைத்தீவுத் தண்ணீரூற்று வீட்டிலிருந்து கிளம்பி இடம் மாறி இடம் மாறிப் போனபோது படங்கள் எல்லாம் போய்விட்டன. அம்மா இந்தப் பதினைந்து வருடத்தில் எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறா. எல்லாவற்றிலும் பெயர், உயரம், மச்சம் எல்லாம் இருக்கும். படம் ஒட்டும் பெட்டி மட்டும் வெறுமையாக இருக்கும். “படம் இல்லாட்டி எப்பிடியம்மா தேடுறது?” என்று ஓர் அலுவலர் கேட்டாராம். அவர் கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் கூடுதலாய் நோகுது என்று அம்மா சொன்னா.

நீங்கள் சொன்னீர்கள்: “தொண்ணூற்றொம்பதிலை உன்ரை கலியாணப் படம் ஒண்டு கிடைச்சது. அதிலை அவனும் நிக்கிறான். அதை யூனிவேசிற்றிக் கொம்பியூட்டரிலை ஏத்தி ஒரு தமிழ்ச் செய்திக்குழுவிலை போட்டனான். கையிலை இருந்த படம் வீடு மாறேக்கை துலைஞ்சுபோச்சு. மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை.” அதோடு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டீர்கள்.

அந்தப் படத்தைத் தேடிப் பிடிப்பது என்று நான் அன்றைக்கே முடிவெடுத்தேன். செய்திக்குழு என்றால் என்ன என்று எங்கள் தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்கு வரும் கமலாட்சி ரீச்சரிடம் கேட்டேன். சந்தியில் நிற்கும் அறிவித்தல் பலகை மாதிரி, ஆரும் ஒட்டலாம், ஆரும் வாசிக்கலாம், முகநூலுக்கு முந்தின காலத்து முகநூல் என்றார். பழைய செய்திகளைச் சேமித்து வைத்திருக்கும் இடம் ஒன்றையும் காட்டினார். ஐந்து பின்னேரம் உங்கள் பெயரைப் போட்டுத் தேடினேன். மாமா, ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதி நீங்கள் இவ்வளவு கதைக்கிற ஆள் என்று எனக்குத் தெரியாது! பேர்கனில் முருங்கைக்காய் எங்கே வாங்கலாம் என்று ஒரு கடிதம். கூழுக்கு இறால் போடுவதா நண்டு போடுவதா என்று அவுஸ்திரேலியாவில் ஒருவரோடு ஒன்பது கடிதம் சண்டை. (நீங்கள் சொன்னதுதான் சரி என்று அம்மா தீர்ப்பளித்துவிட்டா.) கடைசியில் அது கிடைத்தது: ‘என் தங்கச்சியின் கலியாணப் படம், இரண்டில் ஒன்று.’ இரண்டில் இரண்டு எங்கேயும் இல்லை.

அதைத் திறக்க ஒரு செய்திக்குழு வாசிப்பானை மடிக்கணினியில் ஏற்றினேன். ‘இந்த வகை இணைப்பை இந்த மென்பொருள் ஆதரிக்காது’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. அதற்குக் கீழே படம் இல்லை, ஆடு தின்ற பத்திரிகை மாதிரி எழுத்தும் எண்ணும் குறியும் வரிவரியாகப் போய்க்கொண்டே இருந்தன. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “இது வைரஸ். மூடு. கரண்டைக் கழட்டு” என்றார். ஒவ்வொரு வரியும் M என்ற எழுத்தில் தொடங்குவதை நான் கவனித்துச் சொன்னேன். “முல்லைத்தீவு எண்டு போட்டிருக்கிறார் ஆக்கும், விலாசம்” என்றா அம்மா. “ஒவ்வொரு வரியிலையுமோ விலாசம் போடுறது?” என்று அப்பா கேட்க, “உங்களை மாதிரி ஆக்களும் வாசிப்பினம் எண்டு அண்ணாவுக்குத் தெரியும்” என்றா. பிறகு அப்பாவே, திரையில் வாசித்தால் விளங்காது, கடதாசியில் எடுத்து ஆறுதலாக வாசிப்போம் என்று சொல்லி, சந்தியில் போட்டோப்பிரதிக் கடை வைத்திருக்கும் ஆண்டியப்பன் அண்ணையிடம் என்னை அனுப்பினார். அவர் நாலாம் பக்கத்தோடு இயந்திரத்தை நிறுத்தி, மையைக் கழற்றிக் குலுக்கி, துடைத்து, திரும்பவும் போட்டு, அதே மாதிரி வர, “தங்கச்சி, மெசினுக்குத்தான் ஏதோ புடிச்சிருச்சுன்னு பாத்தேன். உன் பேப்பரே இப்படித்தானா? இத யாரும்மா படிப்பா?” என்று கேட்டார். “அப்பா” என்றேன். அவர் மிச்சத்தையும் மரியாதையாக எடுத்துத் தந்தார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாம் பக்கம் வரை உண்மையாகவே வாசித்தார் என்பதை நான் பதிவு செய்யவேண்டும்.

கமலாட்சி ரீச்சர்தான் அந்தக் கடதாசியைப் பார்த்துச் சிரித்துவிட்டு விளக்கினார். அந்தக் காலத்துச் செய்திக்குழுவில் எழுத்து மட்டும்தான் போகும், படம் போகாது. அதனால் படத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எழுத்தை வேஷமாகப் போட்டு அனுப்புவார்களாம். வேஷத்தைக் கழற்ற ஒரு மென்பொருள் இருக்கிறது. அதை இறக்கிப் போட்டோம். அது ‘தொடக்க வரி இல்லை’ என்றது. நாங்கள் இருக்கிறது என்றோம். அது இல்லை என்றது. ‘பிகின்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு ஒரு வரி தொடங்கவேண்டும், அதைக் கண்டால்தான் அது வேலையைத் தொடங்கும். வரி இருக்கிறது, சொல்லும் இருக்கிறது, எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னால், ஒட்டினாற்போல, ஓர் ஆங்கில இலக்கம் 2 நின்றது. ரீச்சருக்கும் விளங்கவில்லை. தெரியாமல் எதையும் அழிக்காதே, படமே கெட்டுவிடலாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டில் அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. “அம்மா, பிரதாபன் மாமா ஏன் தொடக்கத்திலை ரெண்டு எண்டு போட்டிருக்கிறார்?” என்று கேட்டேன். அம்மா சுளகை வைத்துவிட்டு வந்து திரையைக் குனிந்து பார்த்தா. பிறகு, “அது ரெண்டில்லையடி, பிள்ளையார் சுழி” என்றா. “அண்ணா சுழி போடாமல் ஒண்டும் எழுதமாட்டார். சோதனைப் பேப்பரிலை போடுவார். கடைக்குச் சாமான் எழுதிற துண்டிலை போடுவார். உந்த மெசினிலை தமிழ் இல்லையெண்டா, மனிசன் என்ன செய்யும்? கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிறதைப் போட்டிருக்கு.”

இருபத்தைந்து வருடமாக, உலகத்தில் ஒருவருடைய கணினியும் அந்தப் படத்தைத் திறக்காததற்குக் காரணம் அதுதான், மாமா. விக்கினம் வரக்கூடாது என்று நீங்கள் இருத்திய பிள்ளையார் வாசலிலேயே இருந்துவிட்டார்.

நான் அழிக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தா. “பிள்ளையாரை அழிக்கக் கூடாது. அதுவும் ஜனாவின்ரை படத்திலை.” அழிக்காவிட்டால் திறக்காது என்றேன். “எழும்பச் சொல்லாதை. கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லு” என்றா. நான் யோசித்துப் பார்த்து, அந்த இலக்கத்துக்கும் சொல்லுக்கும் நடுவில் வைத்து ‘என்ரர்’ விசையை ஒரேயொரு தட்டுத் தட்டினேன். பிள்ளையார் மேல் வரியில் தனியாக, வசதியாக இருந்தார். சொல் கீழ் வரிக்கு இறங்கி முதலாவதாக நின்றது. மென்பொருள் ஒரு முறுமுறுப்பும் இல்லாமல் தொடங்கிற்று.

படம் மேலேயிருந்து கீழே வந்தது. முதலில் கடதாசித் தோரணம். பிறகு மணவறையின் மேல் விளிம்பு. பிறகு தோழனாக நிற்கும் சின்னமாமாவின் முகம். அதற்குக் கீழே அப்பாவின் தலைப்பாகை நுனி, அதோடு சரி. மிச்சம் முழுவதும் சாம்பல் நிறம், ஏனென்றால் மிச்சம் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. கலியாணப் பொம்பிளை இல்லை, மாப்பிள்ளை இல்லை. “என்ரை கலியாணத்திலை நானில்லையே?” என்றார் அப்பா. அம்மா அவரைக் கவனிக்கவில்லை. சின்னமாமா படத்தில் கண்ணை அரைவாசி மூடி, வாயைத் திறந்து, மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். அழகான படம் என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். அம்மா சிரிக்கத் தொடங்கிவிட்டா. “தும்மப்போறான். சாம்பிராணிப் புகை இவனுக்கு ஒத்துக்கொள்ளாது. தாலி கட்டேக்கை தும்மினா அபசகுனம் எண்டு அடக்கிக்கொண்டு நிண்டவன். பாரடி, அடக்கிறான்.” சிரித்துக்கொண்டே முந்தானையால் திரையைத் துடைத்தா. திரையில் ஒரு தூசியும் இருக்கவில்லை.

அடுத்த நாள் அம்மாவும் என்னோடு ஆண்டியப்பன் அண்ணையிடம் வந்தா. அவர் முகத்தை மட்டும் அளவாக வெட்டி எடுத்தார். இறந்தவர்களின் படம்தான் அவரிடம் அதிகம் வருவது, அந்தப் பழக்கத்தில் கையோடு ஒரு சந்தன மாலையையும் வரைந்துவிட்டு, “திகதி என்ன போடணும்மா?” என்று கேட்டார். “மாலை வேண்டாம் தம்பி. இது படிவத்துக்கு” என்றா அம்மா. அவர் மாலையை எடுத்துவிட்டார். பிறகு, “இந்த முகத்தோட ஆபீஸ்ல எடுத்துக்குவாங்களாம்மா?” என்று பயந்து பயந்து கேட்டார். “எடுக்கட்டும். அவன்ரை முகம் அதுதான்” என்றா. ஒரு படம் படிவத்தின் பெட்டியில் ஒட்டியாயிற்று. கோணாமல் ஒட்ட அம்மா அடிமட்டம் வைத்தா.

இன்னொரு படம் இந்த உறைக்குள் இருக்கிறது, மாமா. போனில் அனுப்ப அம்மா விடவில்லை. “அண்ணா பஸ்ஸிலை நிண்டுகொண்டு பாக்கக் கூடாது” என்றா. உங்களோடு இதைப் பற்றிக் கதைக்கவும் மாட்டாவாம். அண்ணா அழுதால் தன்னால் தாங்க ஏலாதாம். ஆகையால் நீங்களாகப் போன் எடுத்து இதைக் கேட்கவேண்டாம். தனியாக, ஆறுதலாக இருந்து பாருங்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்: படம் தொலையவில்லை. நீங்கள் வைத்த இடத்திலேயே, நீங்கள் வைத்த காவலோடு இருந்தது.

மாமிக்கு என் அன்பு. உங்கள் கால் வழுக்காமல், கை விறைக்காமல், மனம் நோகாமல் இருக்கவேண்டும் என்று வேண்டும்

உங்கள் மருமகள்,
யதுர்ஷிகா.

பி.கு: மாமா, மேலே எழுதியது முழுவதும் வீணாகிவிட்டது. உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டு நின்றேன். அம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து, ஒருவரிடமும் கேளாமல், உங்களுக்கு வீடியோவில் அழைத்துவிட்டா. நீங்கள் பதறிப்போய், “என்ன பிள்ளை, ஆருக்கும் ஏதுமோ?” என்கிறீர்கள். “ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. இருங்கோ அண்ணா, முதல்லை இருங்கோ. ஒரு ஆளைக் காட்டவேணும்” என்று அம்மா போனை மடிக்கணினித் திரைக்கு நேரே பிடிக்கிறா. நீங்கள், “வெளிச்சம் அடிக்குது, ஒண்டும் தெரியேல்லை” என்கிறீர்கள். அப்பா திரையை இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கிறார். “இன்னும் தெரியேல்லை பிள்ளை” என்று திரும்பவும் சொல்கிறீர்கள், உங்கள் குரல் அழுகிறவர் குரல் மாதிரி இருக்கிறது. “லைற்றை நூருங்கோவன்” என்று அம்மா கத்துகிறா. அப்பா ஒவ்வோர் அறையாக அணைத்துக்கொண்டு ஓடுகிறார். நான் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். எல்லா லைற்றையும் நூர்த்துவிட்டார்கள்.