பூட்டு பாய் நடத்திய கோர்ட்டு

தருமபுரி மாவட்டத்திலேயே ஜெயிலுக்குள் உட்கார்ந்து பூட்டு விற்ற மனிதர் எங்கள் பூட்டு பாய் ஒருவர்தான். கைதியே இல்லாத ஜெயிலுக்கு இத்தனை பூட்டு எதற்கு என்று யாராவது கேட்டால், "அத்தனை பேரும் வெளியதானே சுத்தறானுங்க, உங்க வூட்டுக்கு வாங்கிட்டுப் போங்க" என்பார்.

அரூர் போகும் சாலையில், எங்கள் ஊர்ச் சந்தையின் ஓரத்தில் ராஜா காலத்துக் கட்டடங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, கல்தூண்களும் நடுவில் உயரமான கல் இருக்கையும் உள்ள நியாய மண்டபம். ஊர்ப் பேச்சில் அது கோர்ட்டு. அதைப் பார்த்தாற்போல் ஜன்னலே இல்லாத சிறை. அதன் கம்பிக் கதவுக்குள்தான் பாய் கடை. கட்டியது யார் என்பது வாடிக்கையாளரைப் பொறுத்தது. கன்னடம் பேசினால் மைசூர் ராஜா, தெலுங்கென்றால் விஜயநகரத்து ராஜா, தமிழென்றால் சோழன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வரலாற்றில் பி.ஏ. முடித்து வேலைக்குக் காத்திருந்த சமயம். பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஒரே கட்டடத்தை மூணு ராஜா எப்படிங்க பாய் கட்டுவாங்க?"

"மேஸ்திரி ஒருத்தன்தான் தம்பி. ராஜாங்கதான் மாறிக்கிட்டே இருந்தாங்க."

"ஆதாரம்?"

"அதுக்குத்தானே உன்னய பி.ஏ. படிக்க வச்சாங்க?"

சந்தை நாளில் பாய் கடையை விட்டெழுந்து கோர்ட்டின் கல் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்வார். சந்தைச் சண்டைகள் அவரைத் தேடி வரும். அந்தக் கல்லில் உட்கார்ந்தவன் வாயில் தப்பான தீர்ப்பே வராது என்று முழுசாக நம்பினார். வத்தல்மலைக்காரர் ஒருவரின் சாமையை ஒரு வியாபாரி எடையில் அடித்துவிட்டான். "கொறஞ்சதைக் குடுத்துட்டு உள்ள போய் உக்காரு. வெயில் தாழ வெளிய வா" என்றார் பாய். அவனும் மறுபேச்சில்லாமல் போனான். ஏனென்றால் ஊரிலேயே குளிர்ச்சியான இடம் அந்தச் சிறைதான். சித்திரை பிறந்துவிட்டால் ஆட்கள் தாமாகவே வந்து சரணடைவார்கள்.

"நானும் தப்பு பண்ணிட்டனுங்க பாய்."

"என்னடா பண்ணுன?"

"நீங்களே பாத்து ஏதாச்சும் சொல்லுங்க."

சிமெண்டில் கடைகள் கட்டுவதற்காக இரண்டு கட்டடங்களையும் இடிக்க உத்தரவு வந்தது. ஆதாரம் தேடித் தருமபுரி நூலகத்துக்குப் போனேன். எங்கள் ஊரின் பெயரே எந்தப் புத்தகத்திலும் இல்லை. வந்து சொன்னேன். "உடு தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றார் பாய்.

இடிக்க ஆட்கள் வந்த காலையில், தன்னிடமிருந்ததிலேயே பெரிய பூட்டை எடுத்துக் கம்பிக் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டார்.

"கைதி உள்ள இருக்கறப்ப ஜெயில இடிக்க எந்தச் சட்டத்துல எடமிருக்குது?"

சந்தையே கூடிவிட்டது. அவர் மனைவி வந்தார். "வூட்டுல ஒழுகற ஓட்டை மாத்த ஆளில்ல, ராஜா வூட்டைக் காப்பாத்தறாராம்!" என்று திட்டிக்கொண்டே ரொட்டியைச் சுருட்டிக் கம்பி வழியாக நீட்டினார்.

இடிக்க உத்தரவு போட்ட அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். மிரட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். "என்னதான்யா வேணும் உனக்கு?"

"கோர்ட்டுல உக்காந்து விசாரிங்க சார். என்ன தீர்ப்பு சொன்னாலும் கட்டுப்படறேன்."

நான் கம்பியோரம் ஓடினேன். "வேணாங்க பாய், அவரு கையில போய்க் குடுக்கறீங்களே!"

"அந்தக் கல்லுல உக்காரட்டும் தம்பி. சரியாத்தான் சொல்லுவாரு, பாரு."

அதிகாரி கர்ச்சீப்பால் கல்லைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். பாய் கம்பிக்குள் நின்றபடியே வாதாடினார். அன்றைக்கு எந்த ராஜாவையும் அவர் துணைக்குக் கூப்பிடவில்லை.

"இதக் கட்டுனது யாருன்னு எனக்குத் தெரியாதுங்க சார். ஏமாந்தவன் வந்து நின்னு சொல்றதுக்கு ஊருல ஒரு எடம் வேணும்னு எவனோ நெனச்சிருக்கான். அவ்வளவுதான் தெரியும்."

அதிகாரி தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நேரம் நானும் கல்லை நம்பினேன்.

"கட்டடத்தை இடிக்கலாம். உனக்கு விடுதலை, போ."

உள்ளே பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. பாய் பூட்டுப் பெட்டியோடு வெளியே வந்து, கல் இருக்கைக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு நடந்தார்.

இன்றைக்கு அங்கே சிமெண்ட் கடைகள். வெயிலில் உள்ளே கால் வைக்க முடியாது. எடையில் ஏமாந்தவர்கள் கொஞ்சம் கத்திவிட்டு பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள்.

அன்று நான் அவர் பின்னாலேயே ஓடினேன். "பாய், நீங்க உள்ளயே இருந்திருக்கலாமே! எதுக்குங்க வந்தீங்க?"

"தீர்ப்பு சொல்லியாச்சே தம்பி. நானே மீறுனா நாளைக்கு எவன் கோர்ட்டை மதிப்பான்?"

எங்களுக்குப் பின்னால் முதல் கடப்பாரை கல்லில் விழுந்தது. பாய் திரும்பிப் பார்க்கவில்லை. நாளைக்கு அங்கே கோர்ட்டே இருக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு அவர் வீடு வரைக்கும் கூடவே நடந்தேன்.