பல்கனித் தொட்டி ஆலோசகர்

கொழும்புத் தொடர்மாடிகளில் காகம், பல்லி, கரப்பான் தவிர இன்னோர் உயிரினமும் செழிப்பாக வாழ்கிறது. பெயர், தொட்டி ஆலோசகர். பகலில் பத்திரிகைக்குப் பின்னால் பதுங்கியிருக்கும். வெயில் தாழ்ந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, யாராவது பல்கனியில் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று மோப்பம் பிடித்து வரும்.

அவர் சொந்தமாக ஒரு செடியும் வைத்திருக்க மாட்டார். வைத்தால் அது ஒருநாள் சாகும். செத்தால் யாரைக் குறை சொல்வது? அடுத்த வீட்டுச் செடியில் அந்தச் சிக்கல் இல்லை. வந்தவுடன் தொட்டி மண்ணில் சுட்டுவிரலை நுழைத்து, எடுத்து, முகர்ந்து, பெருமூச்சு விட்டு, தண்ணீர் கூடிப்போய்விட்டது என்பார். நீங்கள் குறைப்பீர்கள். அடுத்த கிழமை அதே விரல், அதே மூச்சு, தண்ணீர் காணாது. செடி தழைத்தால் அது அவருடைய யோசனை. வாடினால் நீங்கள் அதைக் கேட்காதது. இரண்டுக்கும் ஒரே வாக்கியம்: "நான் அப்பவே சொன்னனான்."

இவரைச் செத்த வீட்டிலும் காணலாம். பெட்டிக்குள் கிடப்பவரைத் தொட்டியைப் பார்ப்பது போலவே குனிந்து பார்ப்பார்.

கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் இருந்த ஹெக்டர் அப்படித்தான் பார்க்கப்பட்டார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்ந்தவர், வயிற்றில் புற்றுநோய். யுத்தத்தின் கடைசிக்கு முந்திய வருடம் அது. பார்த்தவர், நாலாம் மாடிச் சவுந்தரநாயகம், புகையிரதத் திணைக்களத்தில் இருந்து பென்சன் எடுத்தவர். நெடுநேரம் குனிந்து நின்றுவிட்டு நிமிர்ந்து, ஹெக்டரின் மகள் கொன்ஸ்ரன்ஸிடம் சொன்னார்: "ஒரு கிழமை முந்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா ஆள் தப்பியிருக்கும், பிள்ளை."

மாலை போட வந்தவர் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

கொன்ஸ்ரன்ஸ் லிப்ற் பழுது பார்க்கும் கம்பனியில் எஞ்சினியர். அதிகம் கதைக்க மாட்டாள். ஒரு கிழமைக்கு முன் குண்டு வெடித்துப் பாதைகள் மூடியிருந்ததையும், தகப்பன் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றதையும், நோய் ஈரலுக்கு ஏறிவிட்டது, இனி எங்கே வைத்திருந்தாலும் ஒன்றுதான் என்று முதல்நாளே டொக்டர் சொன்னதையும் அவள் அவருக்கு விளக்கவில்லை. பழுதான ஒன்றைக் கண்டால் காரணம் தேடுவது அவளுடைய தொழில். காரணத்தை ஒருவர் கையில் கொண்டுவந்து தந்துவிட்டார். அதை வைத்துக்கொண்டு அவள் நித்திரை இல்லாமல் கிடந்தாள்.

இனிச் செடி. ஹெக்டரின் தங்கச்சி மகன் பேதுரு கப்பலில் வேலை செய்பவன். மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, நோ தாங்கவில்லை என்று கேள்விப்பட்டு, ஒல்லாந்தில் இருந்து நாலு விதையைச் சப்பாத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தான். கஞ்சா விதை. அதிலும் புது இனம், குட்டை. பகல் நீண்டதா குறுகியதா என்று சூரியனைக் கேட்காமல் வயது வந்ததும் தானாகப் பூக்கும், பூத்து முடிந்ததும் தானாகச் சாகும். ஹெக்டர் பெயின்ற் வாளியில் துளை போட்டு விதைத்தார். ஒன்று முளைத்தது. பூக்கும் வரையாவது பார்க்க வேண்டும் என்றார். நாலு இலை விட்டபோது அவர் போய்விட்டார்.

பிடுங்கி எறிவதுதான் புத்தி. அந்த வருடத்தில் தமிழராகப் பொலிசுக்குப் போனவர் எப்போது திரும்புவார் என்பதைப் பொலிசும் அறியாது. கொன்ஸ்ரன்ஸுக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் அவள் வாளியைத் தொடவில்லை. அது தன் பாட்டில் பூத்து, தன் பாட்டில் முடிய வேண்டும். அதையும் இவள்தான் சாகவிட்டாள் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நாலாம் மாடியில் இருந்து பார்த்தால் மூன்றாம் மாடிப் பல்கனி நன்றாகத் தெரியும். சவுந்தரநாயகம் இறங்கி வந்தார். விரலை நுழைத்தார். முகர்ந்தார். என்ன செடி என்று கேட்பது அவருடைய இனத்தின் வழக்கம் இல்லை, சொல்வதுதான் வழக்கம். ஒல்லாந்துச் செவ்வந்தி என்றார். தான் நுவரெலியாவில் வேலை செய்த காலத்தில் துரைமார் வீட்டில் பார்த்ததாம். மார்கழிக் குளிருக்குத்தான் மொட்டு வைக்குமாம். இந்த வாளி காணாதாம், தேயிலைச் சக்கை போட வேண்டுமாம், முட்டைக்கோது நொறுக்க வேண்டுமாம், மீன் கழுவின தண்ணீரை விட வேண்டுமாம், வெயிலில் வைக்கலாமாம், ஆனால் வெயில் படக் கூடாதாம். கொன்ஸ்ரன்ஸ் தலையை ஆட்டினாள். ஒன்றும் செய்யவில்லை.

செடி முழங்கால் உயரம் வந்ததும், மார்கழியைக் கேளாமல், ஆவணி வெயிலிலேயே பூத்தது.

சவுந்தரநாயகம் வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? மீன் தண்ணீரின் வேலை என்று எல்லா மாடிக்கும் சொன்னார். ஆட்களைக் கூட்டிவந்து காட்டினார். கீழ்மாடி மேபல் அன்ரியின் புருஷன் முப்பது வருடம் கப்பலில் இருந்தவர். அவர் வாளிக்குக் கிட்ட வந்து மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். சவுந்தரநாயகத்தைப் பார்த்தார். கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தார்.

"வடிவான செவ்வந்தி," என்றார். "பின்னேரத்தில கதவைச் சாத்தி வை, மகள். வாசம் எங்கட வீடு வரைக்கும் வருது."

அந்த மாதக் கடைசியில் பொலிஸ் வந்தது. வீடு வீடாகத் தேடுதல். சார்ஜன்றும் இரண்டு பேரும் மூன்றாம் மாடிக்கு ஏறியபோது சவுந்தரநாயகமும் கூடவே வந்தார். எந்த வீட்டில் எதை முதலில் பார்ப்பது நல்லது என்று அவர்களுக்கும் யோசனை சொல்லிக்கொண்டு. அலுமாரி திறந்து மூடியது. மெத்தை புரண்டது. பிறகு சார்ஜன்ற் பல்கனியில் கால் வைத்து அப்படியே நின்றார்.

கொன்ஸ்ரன்ஸின் கை குளிர்ந்து போயிற்று. சவுந்தரநாயகத்தின் வாய்தான் குளிரவில்லை. ஒல்லாந்துப் பூ, கிடைத்தற்கு அரியது, இந்தத் தொடர்மாடியில் நிற்கிற செடி அத்தனையும் தன் சொல்லுக் கேட்டு வளர்ந்தவை என்று ரயில் நிலையச் சிங்களத்தில் விளாசினார். சார்ஜன்ற் பொறுமையாகக் கேட்டார். ஒரு பூவைக் கிள்ளி, நசுக்கி, முகர்ந்து, அதன் உண்மைப் பெயரைச் சொன்னார். பிறகு, இதை வளர்த்தது யார் என்று கேட்டார்.

"மம தன்னே நே, மாத்தயா," என்றார் சவுந்தரநாயகம்.

தனக்குத் தெரியாதாம். அந்த வாக்கியத்தை அவர் ஒருநாளும் தமிழில் சொன்னதில்லை.

"எங்கட அப்பா வைச்சது," என்றாள் கொன்ஸ்ரன்ஸ் சிங்களத்தில். "தண்ணி விட்டது நான்."

அப்பா எங்கே என்று கேட்டபோது சுவரைக் காட்டினாள். படத்துக்குக் கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சார்ஜன்ற் படத்தையும் செடியையும் மாறிமாறிப் பார்த்தார். தமிழ் வீட்டில் தேடிப்போய்க் கஞ்சா மட்டும் அகப்படுவது அந்த நாட்களில் ஒரு பொலிஸ்காரருக்கு ஏறக்குறைய விடுமுறை. தாங்கள் தேடி வந்தது இதை இல்லை என்றார். பிடுங்கச் சொன்னார்.

இன்னும் பத்து நாள் கூட அது நின்றிருக்காது. அடி இலைகள் பழுத்து உதிர்ந்துவிட்டன. பூக்கள் காய்ந்து பழுப்பேறிவிட்டன. அவள் தண்டைப் பிடித்ததும் இழுக்காமலே வந்தது. பழக்கதோஷம், வேரைத் திருப்பிப் பார்த்தாள். அழுகவில்லை. பூச்சி இல்லை. மண்ணில் ஈரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தவறு என்று எழுத ஒன்றுமே இல்லை. சார்ஜன்ற் அதை எரித்துவிடுவதாகச் சொல்லிப் பத்திரிகைத் தாளில் சுற்றினார். எரிக்கப் போகிற பொருளுக்கு அத்தனை பத்திரம் வேண்டியதில்லை.

அடுத்த நாள் பின்னேரம் கதவு தட்டப்பட்டது. வேறு யார்? வெறும் வாளிக்குள் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அறைக்குள்ளே வைத்திருந்தால் இன்றைக்கும் நின்றிருக்கும் என்றார். பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். வாய் மறுபடி திறந்தது.

கொன்ஸ்ரன்ஸ் முந்திக்கொண்டாள். "அங்கிள், அந்தச் செடிக்கு உள்ளது அவ்வளவு நாள்தான். நீங்க மீன் தண்ணி விட்டிருந்தாலும் அவ்வளவுதான். நான் உள்ளுக்கு வைச்சிருந்தாலும் அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பாவுக்கும் அவ்வளவுதான் இருந்தது. முதல்நாளே டொக்டர் சொன்னவர்."

இதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபிறகு, அது உண்மை போலவும் கேட்டது. கதிரையில் இருந்தாள். செத்த வீட்டில் அழாததை எல்லாம் அழுதாள்.

சவுந்தரநாயகம் பல்கனி வாசலில் நின்று யோசித்தார். முகத்தில் ஏதோ இரக்கம் மாதிரி ஒன்று வரப்பார்த்தது. அதை அடக்கிக்கொண்டு, "இதை நீ நேரத்தோட சொல்லியிருக்கலாம், பிள்ளை," என்றார்.

நல்ல மனிதர், அவரை நாம் இங்கேயே விட்டுவிடுவோம். உங்களிடம்தான் ஒரு சின்னக் கேள்வி. சார்ஜன்ற் படி ஏறியபோது, வாளியின் மேல் ஒரு படங்கைப் போட்டிருக்கலாமே என்று நினைத்தீர்களா? அவள் டொக்டரிடம் இன்னொரு முறை கேட்டிருக்கலாம் என்று? குறைந்தது அந்தப் பேதுருவாவது விதைக்குப் பதிலாக நல்ல மருந்து கொண்டுவந்திருக்கலாம் என்று?

சரி. உங்கள் சுட்டுவிரலை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.