இன்ஜினுக்குத் தண்ணி காட்டியவன்

படிக்காதவனால் வீட்டுக்குப் பெரிய ஆபத்து இல்லை. படித்ததை மறுநாளே செய்து பார்க்கிறவன்தான் ஆபத்து. எண்பதுகளில் தர்மபுரியில் அப்படி ஒருவன் திரிந்துகொண்டிருந்தான். நான்தான்.

பாலிடெக்னிக் நூலகத்தில் கிடைத்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில், டர்போ கார் இன்ஜினுக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டால் சூடு தணியும், இடிக்கிற சத்தம் நிற்கும் என்று போட்டிருந்தது. தண்ணீரைச் சொட்டவும் விடலாம். பம்பு வைத்துப் பீய்ச்சவும் செய்யலாமாம். எது மேல் என்று ஒப்பிட்டுப் பார்க்க எனக்குக் கை அரித்தது. எங்கள் ஊரில் டர்போ காருக்கு எங்கே போக? அக்கா வீட்டுக்காரரின் பழைய அம்பாசிடர்தான் அகப்பட்டது. மேடு ஏறினால் அதுவும் டகடகவென்று இடிக்கும். (பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்ததுதான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது.)

முதலில் சொட்டு முறை. ஆஸ்பத்திரியில் காலியான குளுக்கோஸ் பாட்டிலை ட்யூபோடு வாங்கி வந்து பானெட்டுக்குள் தொங்கவிட்டு, ட்யூபின் நுனியைக் கார்புரேட்டர் வாயில் சொருகினேன். பாலக்கோடு வரை போய் வந்தோம். சத்தம் நிஜமாகவே குறைந்திருந்தது. மாமா, "பரவால்லியே மச்சான்" என்றார். நான் கெட்டுப்போக அது போதும். அடுத்த வாரமே பழைய இரும்புக் கடையில் கார் கண்ணாடி கழுவும் பம்பு ஒன்றை வாங்கி மாட்டி, காலிங் பெல் சுவிட்சை டாஷ்போர்டுக்குக் கீழே பொருத்திவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாமாவின் தங்கை செல்வியைப் பெண் பார்க்க வருகிறவர்களை மொரப்பூர் ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர வேண்டியிருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. வாயைத் திறக்காமல் வரவேண்டும் என்று அக்கா சொல்லித்தான் என்னை மாமாவோடு அனுப்பினாள்.

மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் பின்சீட்டில். நான் முன்சீட்டில், விரல் சுவிட்சில். மேடு வந்ததும் அமுக்கினேன். சத்தம் நின்றது.

"அது என்னங்க தம்பி, அமுக்கறீங்க?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

மனிதர் கேட்டிருக்கக் கூடாது. டர்போவில் ஆரம்பித்து, சொட்டு முறையின் குறைகளைச் சொல்லி, பீய்ச்சும் முறையின் பெருமைக்கு வந்தேன். இவ்வளவு நேரமும் விரலைச் சுவிட்சிலிருந்து எடுக்கவே இல்லை. கார் நான்கு முறை இருமி, பாதி மேட்டில் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் போகத் தொடங்கியது.

மாமா ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார். (அந்தப் பார்வையை இன்னும் அவர் முழுதாகத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.) மாப்பிள்ளை இறங்கி பானெட்டைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இதுல யாருங்க தண்ணி ஊத்துனது?"

"ஊத்தலீங்க. இன்ஜெக்ட் பண்ணினேன்" என்றேன்.

அவர் பிளக் நான்கையும் கழற்றி, புது வேட்டியின் நுனியால் துடைத்துக் காயவைத்து மாட்டினார். அவருடைய அப்பா பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு சேர்ந்து காரைத் தள்ளினார். நல்ல நேரமெல்லாம் முடிந்து, சரியாக ராகு காலத்தில் வீடு போய்ச் சேர்ந்தோம்.

காபித் தட்டோடு வந்த செல்வி, மாப்பிள்ளையின் கையைப் பார்த்தாள். முழங்கை வரை கரி. தட்டை அப்படியே அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். போச்சு, மூன்றாவது இடமும் என்னால் போச்சு என்று நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவள் சோப்பும் ஒரு சொம்புத் தண்ணீருமாகத் திரும்பி வந்து, அவர் கைக்கு ஊற்றினாள். அன்றைக்கு யாரும் அதற்குமேல் பெண் பார்க்கவில்லை, தேதி பார்த்தார்கள்.

"அவ்வளவுக்கும் கோவப்படாம வந்தாருல்ல, அது போதுங்க அண்ணி" என்று பிறகு அக்காவிடம் சொன்னாளாம்.

கல்யாணம் நடந்ததற்கு எனக்கு நன்றி சொல்வார்கள் என்று நெடுநாள் காத்திருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அந்தக் குடும்பத்தில் யாருடைய காரில் நான் ஏறினாலும், என் தண்ணீர் பாட்டிலை முதலில் வாங்கிப் பின்னால் வைத்துக்கொள்கிறார்கள். தாகமென்றால் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, என்னைக் கீழே இறக்கி நிற்கவைத்துத்தான் குடிக்கத் தருகிறார்கள்.